நாலு மூலை மஞ்சள்

எங்கள் வீட்டுக்காரர் சொந்தப் பேரில் போட்ட முதல் டெண்டரை ஆபீஸில் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ரேட்டு அதிகம் என்று சொல்லவில்லை. கையெழுத்து இல்லை என்று சொல்லவில்லை. கவரில் மஞ்சள் இருக்கிறது என்று தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள்.

மஞ்சள் வைத்தது என் மாமியார்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். கவர்மென்டுக் காகிதம் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்குகிறவள். என்னையும் திண்டிவனத்தில் ரயிலேற்றி, விழுப்புரத்தில் பெரிய என்ஜினீயர் முன்னால் நிறுத்தியது அந்த மஞ்சள்தான்.

எங்கள் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் ஒரு பெரிய கண்டிராக்டரிடம் வெகுகாலம் மேஸ்திரியாக இருந்தார். கல் தேர்ந்தெடுப்பது, சுண்ணாம்பு அரைக்க வைப்பது, ஆள் சேர்த்து வேலை வாங்குவது எல்லாம் இவர். மாலை மட்டும் பெரியவர் கழுத்துக்கு. ஒரு நாள் வார்த்தை முற்றிப்போய், இனி சொந்தமாகத்தான் வேலை எடுப்பேன் என்று வந்துவிட்டார். என் குடையை விட்டுப் போனால் நனைந்துதான் ஆகவேண்டும் என்று பெரியவர் சொல்லி அனுப்பினார். இவரோடு வேலை செய்த கல்லாட்கள் சிலரும் அந்தக் குடையை விட்டு வெளியே வந்துவிட்டார்கள்.

அந்த வருஷம் எங்கள் ஏரி மதகு இடிந்து கிடந்தது. கோடையில் கட்டி முடித்தால்தான் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் நிற்கும். அதற்கு டெண்டர் வந்ததும், இவர் போட்டார். கிடைத்தால் மேஸ்திரி கண்டிராக்டர் ஆவார். கிடைக்காவிட்டால் கல்லாட்களையும் கூட்டிக்கொண்டு தலைகுனிந்து பழைய குடைக்குள் போகவேண்டும். இரண்டில் ஒன்று. நடுவில் நிற்க இடமில்லை.

டெண்டர் கொண்டுபோகிற அன்று காலையில் கவரை ஒட்டி, அரக்கு வைத்து, சாமி மாடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அத்தை அந்தப் பக்கம் வந்தார். வெள்ளைக் கவர் வெறுமனே கிடப்பதைப் பார்த்தார். எங்கள் வீட்டிலிருந்து மங்கலக் காரியத்துக்குப் போகிற காகிதம் எதுவும் அவர் கையைத் தாண்டி மூளியாகப் போனது கிடையாது. குழைத்த மஞ்சளை மோதிர விரலால் தொட்டு நாலு மூலைக்கும் வைத்துவிட்டார்.

இவர் குளித்துவிட்டு வந்து பார்த்து, இது கல்யாணப் பத்திரிகை இல்லை அம்மா, டெண்டர் என்றார். அதனாலென்ன, டெண்டருக்கு நல்லது நடக்க வேண்டாமா என்று அத்தை கேட்டார். வைத்த மஞ்சளைத் துடைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. துடைத்தாலும் அது போகிற ஜாதி இல்லை. கவரில் பேர்தான் எழுதக் கூடாது, மஞ்சளுக்கு என்ன என்று இவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

கவர்களைப் பிரிக்கிற அன்றைக்குத் திண்டிவனம் ஆபீஸ் நிறைய ஆள். பெரியவரும் வந்திருந்தார். கிளார்க் எங்கள் கவரை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, இது டெண்டரா, யார் வீட்டிலாவது பெண் பெரிய மனுஷி ஆன பத்திரிகையா என்று கேட்டாராம். அத்தனை பேரும் சிரித்தார்களாம். கவர் மேல் அடையாளம் இருக்கக் கூடாது என்பது ரூல், மஞ்சள் ஒரு அடையாளம், ஆகவே தள்ளுபடி. பிரித்த கவர்களில் பெரியவருடையதே குறைந்த ரேட்டு.

இவர் வந்து முற்றத்தில் உட்கார்ந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பெரியவரிடம் போய்ப் பழையபடி மேஸ்திரி வேலையைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் பார்த்தது என்னை அல்ல, வாசலில் நின்றிருந்த கல்லாட்களை.

"கையெழுத்து ஆயிப்போச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. பைலு விழுப்புரம் போவணும். பெரிய என்ஜினீயரு கையெழுத்து போட்டாதான் முடிவு."

"அப்ப இன்னும் உசுரு இருக்குது. அதுக்குள்ள இன்னாத்துக்கு ஒப்பாரி வைக்கிறீங்க? போயி மனு குடுக்கலாம், எழுந்திருங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அத்தை அதற்குள் கொடியிலிருந்து நல்ல புடவையை உருவிக்கொண்டிருந்தார்.

"மஞ்ச வச்சவ நானு. அது குத்தம்னா என்னைத்தான கேக்கணும்? நானும் வர்றேன். என் மஞ்சளைக் குத்தம் சொன்னவன் மூஞ்சிய நான் பாக்கணும்."

மாமனாரையும் கூப்பிட்டுப் பார்த்தோம். நிலத்தில் மல்லாட்டைக்குத் தண்ணீர் கட்டவேண்டும், ஊர்கோலத்துக்கு எல்லாம் தான் வரமுடியாது என்றுவிட்டார். மறுநாள் காலை நாங்கள் மூன்று பேரும் பாசஞ்சரில் ஏறினோம். இவர் மனுவைச் சட்டைப் பையில் வைத்து, பையைக் கையால் பொத்திக்கொண்டே வந்தார். நான் ஒரு துணியில் கேப்பை அடையும், ஒரு பையில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வறுத்த வேர்க்கடலையும் எடுத்துக்கொண்டேன். வழக்கு ஜெயிக்குமோ தோற்குமோ, வயிறு இரண்டுக்கும் பசிக்கும்.

எங்களுக்கு எதிரே ஒருவர் மடியில் பைல் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அத்தைக்குத் தனியாகத் தின்னத் தெரியாது. ஒரு பிடி மல்லாட்டையை அவருக்கு நீட்டினார். அவரும் வாங்கி உடைக்க ஆரம்பித்தார். இவர் அத்தையின் காதருகே குனிந்து, இவர்தான் அந்தக் கிளார்க் என்றார்.

அத்தை இரண்டாவது பிடி எடுத்த கையை அப்படியே பைக்குள் விட்டுவிட்டார். முதல் பிடியைத் திரும்பக் கேட்டுவிடப் போகிறாரோ என்று எனக்குப் பயம்.

கிளார்க் எங்கள் பயணத்தை விசாரித்தார். இவர் மறைக்காமல் சொன்னார். அவர் தோலை ஜன்னலுக்கு வெளியே ஊதிவிட்டு, "போங்க, போங்க. ரூலு திண்டிவனத்துல ஒண்ணு, விழுப்புரத்துல ஒண்ணா இருக்கப் போவுது?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மடியில் இருக்கிற பைல் கட்டுக்குள்தான் எங்கள் கவர் இருக்கிறது. கையெழுத்துக்குத்தான் அது போகிறது. அவர் முதலில் போய்ச் சேர்ந்தால் கையெழுத்து, நாங்கள் போய்ச் சேர்ந்தால் மனு. முண்டியம்பாக்கத்தில் வண்டி நின்று பெருமூச்சு விட்டபோது, இறங்கித் தள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

விழுப்புரத்தில் அவர் ஜட்கா ஏறினார். நாங்கள் கால்களை நம்பினோம். ஜல்தி, ஜல்தி என்று இவர் முன்னால் ஓட, அத்தை புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையும் முந்திப் போனார். வீட்டில் முட்டி வலி, இடுப்பு வலி என்று என்னிடம் வேலை வாங்குகிற கால்கள் அவை. அன்றைக்கு நான் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

ஆபீஸ் வாசலில் ஜட்கா நின்றது. கிளார்க் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போச்சு என்று நினைத்தேன். ஆனால் பெரிய என்ஜினீயர் ஏதோ பாலம் பார்க்கப் போனவர் இன்னும் வரவில்லை. கிளார்க்குக்கு உள்ளே நாற்காலி, எங்களுக்கு வெளியே வராந்தா. காத்திருப்பது மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

வராந்தாவில் ஒரு பியூன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தார். பெரிய என்ஜினீயரின் மகளுக்கு வைகாசியில் கல்யாணமாம். அவர் மஞ்சள் வைக்கிற அழகைப் பார்த்து அத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இன்னாப்பா இது, காக்கா எச்சம் போட்டாப்ல வச்சிக்கினு இருக்க? பொண்ணு வாழப் போறா. மஞ்சள்ல கஞ்சத்தனம் பண்ணலாமா?"

பியூன் நொந்துபோன குரலில், தான் சேர்ந்தது பைல் தூக்குகிற வேலைக்கு, இந்தப் பேஜாரெல்லாம் யாருக்குத் தெரியும் என்றார். அத்தை அதற்குள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். இதெல்லாம் சுமங்கலி கையால் வைக்கிறது என்று சொல்லி, மோதிர விரலால் எப்படித் தொடுவது, எப்படி ஒற்றுவது, எப்படி எடுப்பது என்று அவருக்குப் பாடம் நடத்தினார். கொஞ்ச நேரத்தில் ஆளுக்கு ஒரு கட்டாக இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு வைத்தார்கள். நான் தனித்தனியாகக் காயவைத்து அடுக்கினேன். பியூனின் மஞ்சளும் அத்தையின் மஞ்சளும் எனக்கு அக்கா தங்கை மாதிரிதான் இருந்தன.

கிளார்க் ஒரு தடவை வெளியே வந்து பார்த்துவிட்டு, கண்டிராக்டு கிடைக்காவிட்டாலும் இந்த வேலை கிடைத்துவிட்டது போலிருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கு அந்த நேரத்தில் மண்டைக்குள் ஏதோ ஊற ஆரம்பித்திருந்தது.

ஜீப் வந்தது. பெரிய என்ஜினீயர் இறங்கியவர், தன் மகள் பத்திரிகையை முன்பின் தெரியாத இரண்டு பொம்பளைகள் மடியில் வைத்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். பியூன் எழுந்து, திண்டிவனத்திலிருந்து மனு கொடுக்க வந்தவர்கள், சும்மா உட்கார முடியாமல் உதவி செய்கிறார்கள் என்று சொன்னார். சுமங்கலி கையால்தான் வைக்கவேண்டும் என்று வீட்டிலும் சொன்னார்கள் என்று என்ஜினீயர் தனக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போனார். கிளார்க் பைலோடு பின்னாலேயே போனார். இவர் மனுவோடு போனார். காய்ந்த பத்திரிகைக் கட்டுகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு நானும் போனேன். என்னை யாரும் தடுக்கவில்லை. பத்திரிகை கொண்டு போகிறவளை யார் தடுப்பார்கள்?

மனுவைப் பெரிய என்ஜினீயர் நிதானமாகப் படித்தார். கவரை வாங்கிப் பார்த்தார். கிளார்க் ரூலை எடுத்துக் காட்டினார்.

"கெட்ட எண்ணம் இல்லன்னு தெரியுதுப்பா," என்றார் பெரிய என்ஜினீயர். "ஆனா எந்தக் கவர் யாருதுன்னு பிரிக்கிறதுக்கு முன்னாடி தெரியக் கூடாது. அதுக்குத்தான் அந்த ரூல். நான் என்ன செய்ய?"

பேனா மூடியை அவர் கழற்றுவது தெரிந்தது.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "மஞ்சளைப் பாத்தா யாரு வச்சதுன்னு தெரியுங்களா?"

கிளார்க் என்னை வெளியே போகச் சொன்னார். பெரிய என்ஜினீயர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். நான் இரண்டு கட்டையும் மேஜை மேல் வைத்தேன்.

"இதுல ஒரு கட்டு உங்க பியூன் வச்சதுங்க. இன்னொண்ணு எங்க அத்தை வச்சது. எது யாருதுன்னு சொல்லுங்க. சரியா சொல்லிட்டீங்கன்னா நாங்க மனுவத் திருப்பி வாங்கிக்கினு இப்பிடியே டேசனுக்குப் போயிடறோம்."

அவர் ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். கிளார்க்கிடம் நீட்டினார். கிளார்க்கும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"தெரியலையே," என்றார் பெரிய என்ஜினீயர்.

எனக்குக் கால் தரையில் இல்லை. அந்த நிமிஷம் பார்த்து வாசற்படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தெரியாம இன்னாங்க? என் வெரலு எனக்குத் தெரியாதா? ஆயிரம் பத்திரிகையில கலந்து போட்டாலும் நான் வச்சத தனியாப் பொறுக்கிடுவேன்."

அத்தை. பெருமையில் முகம் பூரித்து, மஞ்சள் விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

கிளார்க் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா சார்? அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. அடையாளம் இருக்குது."

இவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பின்வாங்கி நின்று, என் குதிகாலால் அத்தையின் கால் சுண்டுவிரலை ஒரு அழுத்து அழுத்தினேன். மருமகளாக வந்த நாளிலிருந்து அப்படி ஒரு மிதி மிதிக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. அத்தை என்னைப் பார்த்தார். பிறகு மகன் முகத்தைப் பார்த்தார். தூக்கிய விரல் மெதுவாக இறங்கியது.

ஆனால் சொன்னது சொன்னதுதான். பார்த்துவிடலாம் என்றார் பெரிய என்ஜினீயர். அத்தையின் கட்டு எது என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, அதில் கொஞ்சம் எடுத்தார். பியூனின் கட்டிலிருந்தும் அதே அளவு எடுத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி, அத்தையுடையதில் மட்டும் உள்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்து, எல்லாவற்றையும் சீட்டு மாதிரி கலந்து மேஜையில் பரப்பினார்.

அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். ஒவ்வொன்றாக எடுத்து மூலையைத் தடவினார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். வேண்டாததை ஒதுக்கினார். கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி அவசரமே இல்லை. பியூன் கதவுப் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு பிடியை எடுத்து மேஜையில் போட்டு, "இதெல்லாம் என்னுது" என்றார்.

பெரிய என்ஜினீயர் முதலாவதைப் பிரித்தார். புள்ளி இல்லை. இரண்டாவது. இல்லை. அடுத்தது. இல்லை. கடைசிவரை பிரித்துவிட்டார். அத்தனையும் பியூன் வைத்தது.

பியூனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கிளார்க் உட்கார்ந்துவிட்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு, "வயசாயிப் போச்சுங்க. கண்ணு செத்துப் போச்சு" என்றார்.

பெரிய என்ஜினீயர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்தார்.

"வச்சவங்களுக்கே தெரியலன்னா அது அடையாளம் இல்ல," என்று சொல்லிவிட்டு பைலில் எழுத ஆரம்பித்தார். எங்கள் கவரை எல்லோர் முன்னாலும் பிரிக்கவேண்டும், அதுவரை யாருக்கும் வேலையைக் கொடுக்கக் கூடாது என்று எழுதினதாக, வெளியே வந்ததும் இவர் சொன்னார். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

திரும்பி வருகிற வண்டியில் நான் சும்மா இருப்பேனா? ஆயிரத்தில் பொறுக்குகிற கை ஒரு பிடியில் கோட்டை விட்டதே என்று ஆரம்பித்து, திண்டிவனம் வரும்வரை விடவில்லை. போனால் போகிறது, அம்மாவை விடு என்று இவர் என்னை அடக்கினார். அத்தை வாயே திறக்காமல் மல்லாட்டையை உடைத்து உடைத்துத் தின்றுகொண்டு வந்தார்.

அடுத்த வாரம் கவரைப் பிரித்தார்கள். நானும் அத்தையும் வாசலுக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டிருந்தோம். கல்லாட்கள் வேப்பமரத்தடியில். தெருக்கோடியில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. எங்கள் சைக்கிளில் மணி உடைந்து வெகுநாள் ஆயிற்று. இவர் வாயாலேயே மணி அடித்துக்கொண்டு வருகிறார். ரேட்டு எங்களுடையதுதான் குறைவு. கிளார்க் மஞ்சளில் கை படாமல் ஓரத்தைக் கத்தரித்துப் பிரித்தாராம். பெரிய கண்டிராக்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் இவரைப் பார்த்து, "குடை வாங்கிட்டியாடா" என்றாராம். அதில் கோபம் பாதி, வேறு என்னவோ பாதி என்றார் இவர். கல்லாட்கள் அன்றைக்கே கடப்பாரையைச் சாணை பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள்.

மதகு வேலை ஆரம்பித்து சில நாளில் தபாலில் ஒரு பத்திரிகை வந்தது. பெரிய என்ஜினீயர் வீட்டுக் கல்யாணம். மனுவிலிருந்த விலாசத்தைப் பார்த்து அனுப்பியிருக்கிறார். அத்தை கையில் கொடுத்தேன். அவர் உள்ளே பிரிக்கவே இல்லை. கட்டை விரலால் மூலைகளை ஒரு தடவு தடவிவிட்டு, "இது அந்தப் பியூன் வச்சது" என்றார்.

"எப்பிடித் தெரியுது?"

"கீழ் மூலையப் பாரு. வெரல வச்சிட்டு எடுக்கிறப்ப ஒரு இழுப்பு இழுக்கிறான். எம்மாந் தடவ சொல்லிக் குடுத்தும் அந்த இழுப்பு அவன வுட்டுப் போவல."

பார்த்தேன். சொன்ன பிறகு எனக்கும் தெரிந்தது. மயிரிழை மாதிரி ஒரு இழுப்பு.

கண்ணைக் கட்டிக்கொண்டு வாரியிருந்தாலும் அன்றைக்கு ஒன்றிரண்டாவது அத்தையுடையது மாட்டியிருக்குமே. ஒன்றுகூடத் தவறாமல் எல்லாமே எப்படித் தப்பாக இருக்கும்?

"அத்தை," என்றேன். "அன்னிக்கி நீங்க பொறுக்கினதுல ஒண்ணுகூடவா உங்களுது இல்ல?"

அத்தை பத்திரிகையைச் சாமி மாடத்தில் வைத்து, அது நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

"அதப் பெரிய என்ஜினீயரே கேக்கல. நீ இன்னாடி கேக்குற? போ, அடுப்புல கொழம்பு பொங்குது பாரு."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அடுப்பு அன்றைக்கு இன்னும் மூட்டவே இல்லை.